தேயிலைக்கு அடியில் மாணிக்கம்

அட்டன் நகரிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் பாதை, மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கிற் சென்று சேர்கின்றது. அதுவே போகவந்தலாவை. தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என்று அதனைப் புகழ்வார்கள். கடைத்தெரு வரை பேருந்து போகும். அதற்கு மேல், உச்சிமலைத் தோட்டப் பிரிவுகளுக்கு மழைக்காலத்தில் ஏறுவதாயின், நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுக்கும் ஜீப் வண்டியே துணை. அவ்வாறு செல்வோர் கண்ணிற் பசுமை மட்டும் படுவதில்லை. கெசல்கமு ஓயாவின் கரையோரத்தில் மண்குவியல்களும், கலங்கிய நீர் தேங்கிய குழிகளும் ஆங்காங்கே தோன்றும். அவை மாணிக்கக்கல் தேடியவர்கள் விட்டுச்சென்ற தடங்கள்.

மாணிக்கம் என்றதும் இரத்தினபுரியே நம் நினைவுக்கு வரும். ஆனால் போகவந்தலாவையின் மலைமுகட்டைக் கடந்தால் அப்பால் இருப்பது பலாங்கொடை. அது இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்ட எல்லை மனிதர் வகுத்தது; மண் அதனை அறியாது. பழம்பாறைகள் பல யுகங்களாகச் சிதைந்து உதிர, அவற்றிலிருந்த கடினமான கற்களை நீர் அடித்து வந்து பள்ளங்களிலே படியவைத்தது. அந்தப் பரற்கற் படையைச் சிங்களத்தில் 'இல்லம' என்பர். தமிழ்ச் செவிக்கு அது வீட்டைக் குறிக்கும் சொல்லாகவே ஒலிக்கும்.

குழி தோண்டி, பக்கங்கள் சரியாதவாறு மரங்களால் அணைகொடுத்து, ஊறும் நீரை இறைத்து, அப்பரற் படையை மேலே தூக்குவர். பின்னர் கூடைகளில் இட்டு நீரிற் சுழற்றி அலசுவர். மண் கரைந்தோடப் பாரமான கற்கள் அடியில் தங்கும். அவற்றுள் ஒரு நீலக்கல் இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் போகலாம்.

இத்தேட்டம் புதிதன்று. கண்டி மன்னர் காலத்தில் இரத்தினம் அகழும் உரிமை அரசர்க்கே உரியதாயிருந்தது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், அங்குள்ள சமவெளியிலே பழங்காலத்துக் குழிகள் நிறைந்திருக்கக் கண்டார். 1855ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் மாணிக்கப் பள்ளத்தாக்கு என்று அதனைக் குறிப்பிட்டார்.

பேக்கரின் காலத்திலேயே கோப்பித் தோட்டங்கள் மலைகளில் ஏறத் தொடங்கிவிட்டன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் காடழித்து அவற்றை உண்டாக்கினர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். இரண்டாண்டுகளில் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கலாயிற்று. 1884ஆம் ஆண்டில் புகையிரதம் அட்டனை எட்டியபோது, மலைநாடு தேயிலை நாடாக மாறிக்கொண்டிருந்தது.

நிலம் கைமாறிய வரலாறும் சிந்திக்கத்தக்கது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992ஆம் ஆண்டு முதல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களில் எதிலும் தொழிலாளி நிலத்துக்கு உடையவன் ஆகவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவனுக்குக் குடியுரிமையையே மறுத்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழிதிறந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

மாணிக்கம் அகழ்வதற்கு, 1993ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனைப் பெற நிலவுரிமையோ, நிலத்துக்கு உரியவரின் சம்மதமோ வேண்டும். லயன் காம்பராவில் வாழ்பவனிடம் இரண்டும் இல்லை. ஆதலின் சிலர் இரவிலே ஒளிந்து தோண்டுகின்றனர். பிடிபட்டால் நீதிமன்றம், மண் சரிந்தால் மரணம். கூலிக்குத் தோண்டுவோனே குழிக்குள் இறங்குகிறான், முதலிட்டவர் இறங்குவதில்லை.

இதனால் விளையும் கேடும் சிறிதன்று. கரை இடிந்து, தேயிலைச் செடிகள் வேரோடு சாய்கின்றன. கரைந்த மண்ணை ஆறு காசல்றீ நீர்த்தேக்கத்திற் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்குவது அந்நீர்த்தேக்கமே. அது தூர்ந்தால் நட்டம் நாடு முழுவதற்கும் உரியது. எனவே களவாய் அகழ்வதைத் தடுப்பது முறையே. ஆனால் தடுப்பதோடு கடமை முடிந்துவிடுமா என்பதே வினா.

தென்னவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் கூபர் பீடி என்றோர் ஊர் உண்டு. 1915ஆம் ஆண்டில், பொன் தேடிச் சென்ற கூட்டத்தாரோடு போன ஒரு சிறுவன் அங்கே ஓப்பல் என்னும் வண்ணக்கல்லைக் கண்டெடுத்தான். அங்கே அனுமதி பெற்ற தனிமனிதன் ஒரு சிறு நிலத்துண்டைத் தன் பெயரிற் குறித்துக்கொண்டு பகலிலே தோண்டலாம். கடும் வெயிலுக்குத் தப்ப, மக்கள் நிலத்தைக் குடைந்து வீடும் அமைத்துக்கொண்டனர். கல் கிடைக்காதவனுக்கும் அவ்வீடு மிஞ்சிற்று.

போகவந்தலாவையிலோ, நான்கைந்து தலைமுறையாக மண்ணைக் கொத்தியவர்களுக்கு வீட்டுக்கென 7 பேர்ச் காணி வழங்குவதே அண்மைக் காலத்திற்றான் தொடங்கியது. அதுவும் எல்லோருக்கும் எட்டவில்லை. நேயர்களே, அம்மண்ணுக்கு அடியிலுள்ள இல்லத்தை யார் எடுப்பது என்பதைச் சட்டம் வகுத்துவிட்டது. மண்ணுக்கு மேலே அவர்களுக்கு ஓர் இல்லம் அமைவது எப்போது என்பதை இனித்தான் வகுக்க வேண்டும்.