அமெரிக்க கீபோர்டில் நம்ம புள்ளி

1/ மெய்யெழுத்து மேல ஒரு சின்னப் புள்ளி. அதை மெஷினில் கொண்டுவந்த கதை ரொம்பச் சுவாரசியமானது. 🧵

2/ 1930களில் தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கிய யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா, இதுக்கு 'நகரா விசை' வெச்சார். புள்ளியை அடிச்சா காகிதம் நகராது. அடுத்து அடிக்கிற எழுத்து அதுக்குக் கீழேயே வந்து உட்காரும். பிரெஞ்சு டைப்ரைட்டரில் எழுத்து மேல போடுற குறிக்கும் இதே உத்திதான்.

3/ கம்ப்யூட்டர் வந்ததும் வேற சிக்கல். அமெரிக்க கீபோர்டில் எழுத்து விசை 26. நமக்கு 247 எழுத்து! 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டையொட்டி தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' கணக்கைச் சுருக்கியது. உயிர் 12, மெய் 18, புள்ளி 1: மொத்தம் 31. கூடுதல் ஐந்துக்கு நிறுத்தக்குறி விசைகளை எடுத்துக்கிட்டாங்க.

4/ கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிற போளூரை அடிச்சுப் பாருங்க. ப, ஓ, ள, ஊ, ர, புள்ளி. ஆறே தட்டு! இப்போ புள்ளி எழுத்துக்குப் பின்னாடி வருது. லினக்ஸில் ஐபஸ் மூலமா இது இலவசம்.

5/ டாக்டருக்கு இதில் என்ன அக்கறை? எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடின்னு மேல்மலைப் பாட்டி தானே படிச்சுத் தெரிஞ்சுக்கணும். அதுக்குச் சீட்டு தமிழில் இருக்கணும். விசை 1999-லயே தயார். தட்ட வேண்டியது நாமதான். 🙏