சம்மத வயதும் நமது இல்லங்களும்

1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் பெண்ணின் சம்மத வயதை 10 என்றே வகுத்தது. கல்கத்தாவில் புல்மணி தாசி என்னும் சிறுமி கணவனது பலவந்தத்தால் உயிர் நீத்தாள். அவள் 10 பிராயம் கடந்தவளாதலின், அவன்மீது கற்பழிப்புக் குற்றம் சாரவில்லை. தேசம் கலங்கிற்று. திலகர் முதலானோர் எதிர்த்தும், 1891-இல் அவ்வயது 12 ஆயிற்று. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதை 14 ஆக்கிற்று. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் மக்கள் அனைவரையும் காக்க முற்பட்டது.

அன்பர்களே, சட்டம் வயதைக் கூறும். சம்மதத்தின் பொருளை வீடே கூறல் வேண்டும். நாமோ பூப்பு நீராட்டு விழாவுக்கு ஊரெங்கும் அழைப்பு அனுப்புகிறோம். தன் உடலில் நிகழவிருப்பது யாதென்று அச்சிறுமிக்கு முன்னரே உரைப்பதில்லை. குரல் மாறும் பருவத்து மைந்தனுக்கும் நம்மிடம் மௌனமே விடை.

ஆகையால் தாய்மார் பூப்பின் இயல்பை உரிய காலத்திற்கு முன்பே மகளுக்கு உரைப்பாராக. தன்னைத் தீண்டுவோர் உறவினரேயாயினும் மறுக்கும் உரிமை தனக்குண்டென்று மகளும், பிறர் மறுப்பை மதித்தலே ஆண்மையென்று மகனும் நம் வாய்மொழியாலேயே அறிதல் வேண்டும். நாணத்தால் நாம் மறைப்பது நம் மக்களுக்கே கேடாய் முடியும்.