குற்றவாளி இல்லாத துயரம்: மகாகவியின் 'புதியதொரு வீடு', ஜே. பி. கிளார்க்கின் 'ஓர் ஆட்டின் பாடல்'

மகாகவி என்ற பெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி (1927–1971) யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். ஈழத்துக் கவிதை வரலாற்றில் அவருக்கு அசைக்க முடியாத இடம் உண்டு. நாடக ஆசிரியர் என்ற அவரது மற்றொரு முகம் அந்தப் புகழுக்குப் பின்னாலேயே நிற்கிறது. 'புதியதொரு வீடு' நூலாக வெளிவந்தது 1989 இல். அப்போது அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நாடகத்தை நைஜீரியாவின் இஜோ இனக் கவிஞர் ஜே. பி. கிளார்க்கின் முதல் நாடகமான 'ஓர் ஆட்டின் பாடல்' என்பதோடு சேர்த்து வாசிக்கிறது இக்கட்டுரை. யார்மீதும் பழி சுமத்தாமலே ஒரு துன்பியலைக் கட்ட முடியும் என்று மகாகவி நிறுவினார் என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

கிளார்க் நைஜர் டெல்ட்டாவின் கியாக்போடோ ஊரில் இஜோ தந்தைக்கும் உர்கோபோ தாய்க்கும் பிறந்தார். இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தபோது 'த ஹார்ன்' என்ற கவிதை இதழைத் தொடங்கினார். பின்னர் லாகோஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியரானார். 1982 இல் துணைவியாருடன் சேர்ந்து சொந்த அரங்கம் ஒன்றை நிறுவினார். 2020 இல் காலமானார். ஏழு இரவுகள் நிகழ்த்தப்படும் ஒசிடி என்ற இஜோ வாய்மொழிக் காப்பியத்தை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, மொழிபெயர்த்து 1977 இல் பதிப்பித்ததை அவரது பெரும்பணி எனலாம்.

மகாகவிக்கு இத்தகைய நிறுவன வலு இருந்ததில்லை. அரச அலுவலகப் பணிக்கிடையே எழுதியவர், நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். இருந்தும் வாய்மொழி மரபை நோக்கி அவரும் நடந்தார். சாதி கடந்த காதலின் அழிவைச் சொல்லும் 'கண்மணியாள் காதை'யை வில்லுப்பாட்டாக எழுதினார். லடீஸ் வீரமணி அதை மேடைகளில் நிகழ்த்தினார். மகாகவியின் மற்றொரு நாடகமான 'கோடை'யையும் 'புதியதொரு வீட்டை'யும் மேடையேற்றியவர் அ. தாசீசியஸ்.

இரு நாடகங்களின் கதைக்கருவும் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கியவை. இரண்டும் பா வடிவிலானவை. இரண்டிலும் மீனவக் குடும்பம். கணவன், மனைவி, கணவனின் தம்பி என மூவர். கிளார்க்கின் நாடகத்தில் கணவன் சிஃபா ஆண்மை இழந்தவன். மனைவி எபியெரே தம்பி டோன்யேயோடு கூடுகிறாள். உண்மை வெளிப்பட்டதும் தம்பி தூக்கிட்டுக் கொள்கிறான். சிஃபா கடலுக்குள் நடந்து போகிறான். மகாகவியின் நாடகத்தில் கடலுக்குத் தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் இறந்துவிட்டதாக எல்லாரும் நம்பிய பிறகு மனைவி அவன் தம்பியை மணக்கிறாள். காலம் கடந்து போனவன் திரும்பி வருகிறான்.

வேறுபாடு காரணத்தில் இருக்கிறது. கிளார்க் துயரத்தின் வேரைக் குலத்தில் வைக்கிறார். தொழுநோயால் இறந்த தந்தையின் உடலை உரிய காலத்துக்கு முன்பே ஊருக்குக் கொண்டுவந்த பிழை சிஃபாவைத் தொடர்கிறது. வரவிருக்கும் அழிவை முன்னுணரும் அத்தை ஒருத்தியும் இருக்கிறாள். அவள் பேச்சை யாரும் பொருட்படுத்துவதில்லை. தவறு, சாபம், பலி என்ற வரிசை கிரேக்கத் துன்பியலையும் இஜோ நம்பிக்கைகளையும் ஒன்றாகப் பிணைக்கிறது.

மகாகவியின் மேடையில் சாபம் இல்லை. கடலுக்குப் போனவன் பிழைப்புக்காகப் போனான். காத்திருந்தவள் நம்பிக்கை அற்ற பிறகே வாழ்வைத் தொடர்ந்தாள். தம்பி கைவிடப்பட்ட வீட்டுக்குத் துணையானான். மூவர் செய்ததும் நியாயம்; மூவருக்கும் இழப்பு. இந்நாடகத்தில் வரும் சிறு நண்டுப் பாடல் நாடகத்தைப் பாராதவர்களிடமும் பரவியிருக்கிறது. ஓர் உயிர் கரையில் முனைந்து செய்ததை அலை கொண்டுபோகிறது. அலைக்கு அதன்மேல் பகை ஏதும் இல்லை. நாடகத்தின் அறநோக்கு முழுவதும் அந்தப் பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இயல்பான வாழ்க்கையைக் காட்ட யாப்பு எதற்கு என்று கேட்கலாம். மகாகவி யாப்பின் ஓசைக்குள் பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் குடியேற்றியவர். பேச்சு நிற்கும் இடத்தில் அடியை முறித்து அச்சிட்டவர். அவர் கையில் செய்யுள் பாத்திரங்களை அரசர்களாக உயர்த்துவதில்லை. மூவரும் ஒரே ஓசையில் பேசுவதால் எவர் குரலுக்கும் மற்றவர் குரலைவிட அதிக உரிமை கிடைப்பதில்லை. குற்றவாளியைத் தேடாத பார்வைக்கு இந்த வடிவம் பொருந்துகிறது.

இந்தப் பார்வையின் வீச்சை அளக்கத் துபாயின் சத்வா போன்ற குடியிருப்பு உதவும். தமிழர், மலையாளிகள், பாகிஸ்தானியர், பிலிப்பைன்ஸ் நாட்டவர் எனத் தொழில் தேடி வந்தவர்கள் அங்கே அறைகளைப் பகிர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஊதிய வரம்பை எட்டாதவர் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. அதே துபாய்க் கரையிலிருந்து முன்பு முத்துக்குளிப்போர் கோடையில் ஏறத்தாழ நான்கு மாதம் கடலில் இருந்தார்கள். பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். ஜப்பானிய வளர்ப்பு முத்துகளும் உலகப் பொருளாதார மந்தமும் 1930களில் அத்தொழிலை முடித்தன. பிரிவின் காலம் நீண்டது. அதை உண்டாக்கும் காரணம் மாறவில்லை. உழைப்பு ஆளை வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அவன் இல்லாமலே வீடு வளர்கிறது. ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவன் தன் வீட்டில் தனக்கான இடத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. கிளார்க்கின் குலச்சாபம் இந்த நிலையை விளக்காது. மகாகவியின் நாடகம் விளக்கும். பிரிந்திருக்கும் குடும்பங்களில் ஒழுக்கத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இன்றும் வலுவாக இருப்பதால் அந்த விளக்கம் நமக்கு வேண்டும்.

கிளார்க்கின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. ஆப்பிரிக்க நாடகத்தின் தொடக்கத்தைப் பேசும் எவரும் 'ஓர் ஆட்டின் பாடலை'த் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. தமிழ் நாடகத்தைப் பேசுவோரும் 'புதியதொரு வீட்டை' அதே முதன்மையுடன் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்த் துறைகளின் நாடகப் பாடத்திட்டம் இவ்விரண்டையும் அருகருகே வைக்கட்டும். வளைகுடாத் தமிழ் மன்றங்களின் மேடைக்கும் இது உரிய நாடகம். அங்கு வரும் பார்வையாளருக்கு இதன் கதையை விளக்கிச் சொல்லத் தேவை இராது.