யாருடைய சுகாதாரம்?

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து நாடாளுமன்றம் 1993இல் ஒரு சட்டம் இயற்றியது. எந்த அதிகாரத்தின் கீழ் இயற்றியது என்பதை நாம் அவ்வளவாகக் கவனித்ததில்லை. மாநிலப் பட்டியலில் உள்ள 'பொதுச் சுகாதாரம், துப்புரவு' என்ற தலைப்பின் கீழ்தான் அது வந்தது. மாநிலங்களின் அதிகாரம் என்பதால், சில மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகே சட்டம் செய்தார்கள். மற்றவை விரும்பினால் ஏற்கலாம். நடைமுறைக்கு வந்ததே 1997இல். எடுப்புக் கக்கூஸைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு அதை அள்ளியவரைப் பற்றி அந்தச் சட்டம் கவலைப்படவில்லை. மீறினால் ஓராண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நிர்வாக அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வழக்கே கிடையாது. பல ஊர்களில் எடுப்புக் கக்கூஸை வைத்திருந்ததே நகராட்சிதான். பிறகு யார் யார்மீது வழக்குப் போடுவது?

இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது சஃபாய் கர்மசாரி ஆந்தோலன். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய கோலார் தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சனும், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் முதலானோரும் கட்டிய அமைப்பு அது. 2003இல் போட்ட மனுவில் வேறு அமைப்புகளும், மலம் அள்ளும் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் மனுதாரர்களாக நின்றார்கள். அரசியலமைப்பின் 14, 17, 21, 23 ஆகிய பிரிவுகளின்மேல் அந்த மனு ஊன்றி நின்றது: சமத்துவம், தீண்டாமை ஒழிப்பு, உயிர்வாழும் உரிமை, கட்டாய உழைப்புக்குத் தடை. ஊரின் சுத்தத்தைப் பற்றியே இருந்த பேச்சு, அதைச் சுத்தம் செய்கிறவரின் உடலையும் மானத்தையும் பற்றியதாக அங்கேதான் மாறியது.

வழக்கு 10 ஆண்டுக்கு மேல் நடந்தது. 'எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லை' என்று அரசுகள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. அமைப்பினர் ஊர் ஊராகப் போய்க் கக்கூஸ்களையும் அள்ளுகிறவர்களையும் கணக்கெடுத்தார்கள், படம் பிடித்தார்கள், நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கள ஆய்வை நாம் பட்டத்துக்காகச் செய்கிறோம். அவர்கள் அதை அரசின் பொய்க்கு எதிரான சாட்சியமாகச் செய்தார்கள்.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இம்முறை பொதுப் பட்டியலில் உள்ள தொழிலாளர் நலன் என்ற தலைப்பின் கீழ். மாநிலங்கள் ஏற்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று முகப்புரையே ஒத்துக்கொண்டது. 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை 30 லட்சமாக்கியது. பணத்தைவிட அந்த 'முதல்' என்ற சொல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இருபது ஆண்டுச் சாவுகளைத் தேடி எடுத்துக் கணக்கில் வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் புதிய சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. பாதுகாப்புக் கவசம் கொடுத்துவிட்டால் ஒருவர் 'கையால் மலம் அள்ளுபவர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார். சாக்கடைக்குள் இறங்குவதற்கு 'அபாயகரமான துப்புரவு' என்று தனிப் பெயர். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது. மலக்குழியில் செத்தவர்களின் எண்ணிக்கை வேறு தலைப்பின் கீழ் இருந்தது.