கோயமுத்தூர் கிரைண்டர் பிறந்த கதை

ஆட்டுக்கல் அசையாது, குழவிதான் சுற்றும். வலது கை குழவியைச் சுற்ற, இடது கை விளிம்பில் ஏறும் மாவை வழித்து வழித்துக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் பிசகினால் விரல் நசுங்கும். உளுந்துக்கு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றக்கூடாது, தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஆட்டியதில் ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். முழுகினால் மறுபடி ஆட்டு. உளுந்தை வழித்தெடுத்துவிட்டு நிமிர்ந்தால், ஊறிய அரிசி காத்திருக்கும்.

முதல் வெட் கிரைண்டரைச் செய்தவர் என்று கோயமுத்தூர் பி. சபாபதியைச் சொல்வார்கள். ஆண்டு 1955. கிரைண்டரின் சூட்சுமம் எளிமையானது: வேலையை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது. அதில் கல் பதித்த பாத்திரம் சுற்றும், குழவி ஓரிடத்தில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். மாவு தானாகவே சுற்றி வந்து குழவிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். இடது கை பார்த்த வேலையை ஒரு சின்னத் தகடு பார்த்துக்கொள்ளும். மோட்டாரும் பெல்ட்டும் வலது கைக்குப் பதில்.

கல்லை மட்டும் விடவில்லை. நான் இந்த யந்திரத்தை மதிப்பதற்கு அதுதான் முதல் காரணம். மிக்ஸியின் பிளேடு வெட்டும். வேகமாகச் சுழலும்போது மாவு சூடேறும். கல் மெதுவாக நசுக்கி அரைக்கும். உளுந்து காற்றை வாங்கிப் பொங்கி வருவது அந்த நிதானத்தால்தான். ‘ஆட்டுக்கல் ருசி’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கல்லின் ருசி. அது கிரைண்டரில் அப்படியேதான் இருக்கிறது.

இது கோயமுத்தூரில் பிறந்ததற்கும் காரணம் உண்டு. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த ஊர். பஞ்சாலைகளும், அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறைகளும், வார்ப்பட ஃபவுண்டரிகளும் நெருக்கியடித்து நின்ற ஊர். இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை 1937இல் ஜி. டி. நாயுடுவின் தொழிற்சாலை வெளியே கொண்டுவந்தது. பிறகு கிணற்று பம்ப்செட்டுகளுக்காக வீதிக்கு வீதி மோட்டார் பட்டறைகள் முளைத்தன. லேத் ஓட்டத் தெரிந்தவரும் மோட்டார் சுற்றத் தெரிந்தவரும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள். கல்லுக்கும் அலைய வேண்டியதில்லை. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிப் பக்கமே நல்ல கருங்கல் கிடைத்தது. இத்தனையும் ஓர் ஊரில் கூடியிருந்ததால்தான் ‘கோயமுத்தூர் வெட் கிரைண்டர்’ 2005-06இல் புவிசார் குறியீடும் பெற்றது.

ஆரம்பக் கால கிரைண்டரை வீட்டுச் சாமான் என்று சொல்ல முடியாது. ஓட்டல்களுக்கும் கல்யாண சமையலுக்கும்தான் அது கட்டுபடியானது. குழவியைத் தூக்கி வெளியே வைத்து, குனிந்து மாவை அள்ள வேண்டும். அந்தக் குழவியைத் தூக்குவதே ஒரு பாடு. அப்புறம் பாத்திரத்தைச் சாய்த்து மாவை வழிக்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது. அதன்பின் மேடைமேல் வைக்கும் டேபிள்டாப். ஓட்டல் கிரைண்டருக்கும் வீட்டுக்கு வீடு வந்த கிரைண்டருக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. தெருவில் ஒரு வீட்டில் கிரைண்டர் இருக்கும். ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போய், காசு கொடுத்து ஆட்டி வருவார்கள். வரிசையில் நின்ற பெண்களின் பேச்சு, முன்பு ஆட்டுக்கல்லைச் சுற்றி நடந்த பேச்சின் தொடர்ச்சிதான். அந்தப் பேச்சு நின்றது நிஜமான இழப்பு. ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று உளியும் சுத்தியுமாகத் தெருவில் வந்தவர்களின் பிழைப்பு போனதும் இழப்புதான். இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் ‘அந்தக் காலத்தில் தினமும் ஆட்டுக்கல் மாவில் பஞ்சுபோல இட்லி’ என்று யாராவது பேசினால் என்னால் ஏற்க முடிவதில்லை. கொங்கு நாட்டுக் குடியானவர் வீடுகளில் இட்லி, தோசை என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். மற்ற நாளெல்லாம் கம்பும் ராகியும் சோளமும், காலையில் பழைய சோறும். காட்டு வேலை முடித்து வந்தவள் பொழுது சாய்ந்தபின் ஆட்டுக்கல்லில் உட்கார வேண்டுமென்றால் தினமும் இட்லி எப்படி வரும்? அன்றாட இட்லியைப் பெருவாரியான வீடுகளுக்குக் கொண்டுவந்ததில் கிரைண்டருக்கும், ஆட்டிய மாவைப் புளிக்காமல் காத்த ஃபிரிட்ஜுக்கும் பெரும் பங்கு உண்டு. நாம் ஏங்கும் அந்தப் ‘பழைய’ காலை உணவு அவ்வளவு பழையதல்ல.

என் அம்முச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், ஒருமுறை, “ஆட்டுக்கல்லுல ஆட்டுன மாவு ருசியே தனிதானுங்களே, அம்முச்சி?” என்று கேட்டேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: “தின்னவீங்களுக்குத்தான் கண்ணு ருசி. எனக்குத் தோள்பட்டைதான் ஞாபகம்.” வலது தோளைக் கடைசிவரை அவர் முழுதாக உயர்த்தியதில்லை.

2011 தேர்தலில் கிரைண்டர் வாக்குறுதியாகவே மாறியது. தி.மு.க. கிரைண்டர் அல்லது மிக்ஸி தருவதாகச் சொன்னது, அ.தி.மு.க. இரண்டையும் மின்விசிறியோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னது. வென்று வந்த ஜெயலலிதா அரசு அதே ஆண்டு செப்டம்பர் 15இல் கொடுக்கத் தொடங்கியது. அதை வெறும் இலவசம் என்று பழித்தவர்கள் அதிகம். குடிசையில் ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய பெண்ணின் ஒரு மணி நேரத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு மின்வெட்டு வாட்டியெடுத்ததும் உண்மை. பாதி உளுந்தோடு கிரைண்டர் நின்றுபோக, ‘கரண்ட் எப்போ வரும்?’ என்று வாசலைப் பார்த்து நின்ற வீடுகள் எத்தனையோ.

இன்று கிரைண்டரையும் ஓரங்கட்டிவிட்டது பாக்கெட் மாவு. 2005இல் பெங்களூரில் சிறு அளவில் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் பெரிய நிறுவனமாக வளர்ந்ததே இட்லி தோசை மாவில்தான். தெருமுனைக் கடையிலும் மாலையானால் மாவுப் பொட்டலம் அடுக்கியிருக்கிறது. இனி வருகிறவர்கள் ‘வீட்டு கிரைண்டர் மாவின் ருசி’ என்று ஏங்குவார்கள். அந்த ஏக்கத்தில் ஓரளவு நியாயம் இருக்கும். புளிப்பும் பதமும் வீட்டுக்கு வீடு வேறாக இருந்தது. பாக்கெட்டில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாவு.

உங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆட்டுக்கல் இன்னும் கிடந்தால் அதைத் தொட்டிச் செடிக்குப் பீடமாக்கிவிடாதீர்கள். கழுவி, அரைப்படி உளுந்து ஊறப்போட்டு, நீங்களே உட்கார்ந்து ஒருமுறை ஆட்டுங்கள். வீட்டு ஆண்களும் ஆட்டட்டும். அதன்பின் அந்தக் கால ருசியைப் பற்றிப் பேசலாம்.