'ப'வில் உடைந்த டம்ளர்

நம்ம பேட்ச் பேர்வெல் விருந்து ஞாபகம் இருக்கிறதா? வாடகைக்கு வந்த ஏழு கண்ணாடி டம்ளரை வரிசையாக வைத்து, தண்ணீர் ஊற்றி, ஸ்பூனால் 'ஸ ரி க ம' தட்டினோம். 'ப' வந்தபோது டம்ளர் டமார்! ஃபைன் கட்டியாச்சு, 'த, நி' மட்டும் இன்னும் பாக்கி.

நாம் விளையாட்டாகச் செய்ததை 1761-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் சீரியஸாகச் செய்திருக்கிறார். இடிதாங்கி கண்டுபிடித்த அதே மனுஷன்தான். 37 கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே இரும்பு அச்சில் கோத்து, தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்துச் சுற்ற, ஈர விரலால் தொட்டால் இசை. விரல் ஒட்டுவதும் வழுக்குவதுமாக இருப்பதால் கிண்ணம் அதிர்கிறது. மொசார்ட் 1791-ல் இதற்கென்றே இசை எழுதினார். வாசிப்பவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று வதந்தி வேறு! பெரிய அரங்குகளில் அதன் மெல்லிய ஒலி எடுபடவில்லை. 1830 வாக்கில் வழக்கொழிந்தது. 1980-களில் அமெரிக்காவில் மறுபடி செய்யத் தொடங்கினார்கள்.

நம் பக்கத்துச் சொந்தக்காரர் ஜலதரங்கம். கண்ணாடி இல்லை, பீங்கான். தேய்ப்பதில்லை, மூங்கில் குச்சியால் தட்டுவது. வாத்ஸ்யாயனரின் 64 கலைகளில் வரும் 'உதக வாத்தியம்' இதுதான் என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம். பச்சைமலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டத்து ஆணையாம்பட்டியின் பெயர் இந்த வாத்தியத்தோடு ஒட்டிக்கொண்டது சுப்பையராலும், அதே குடும்பத்து கணேசனாலும்தான். பெரம்பலூரில் நாலு வருஷம் படித்தும் எனக்கு இது தெரியவில்லையே!

சீதா துரைசாமி (1926–2013) பேராசிரியர் சாம்பமூர்த்தியின் தூண்டுதலால் இதைக் கற்றவர். குடும்பப் பொறுப்புகளால் பல வருஷம் விட்டுவிட்டு, மறுபடி மேடை ஏறினார். 2001-ல் கலைமாமணி.

போன வருஷம் எனக்கும் ஆசை வந்தது. அரியலூரிலிருந்து ரயிலேறினால் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம். அங்கே கடை கடையாக ஏறி, சுண்டிப் பார்த்தே கிண்ணம் வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பாதிக்கு மேல் 'டொக்' என்றன. தண்ணீர் ஊற்றினால் சுருதி இறங்கும். நீரின் எடையையும் சேர்த்துச் சுவர் அதிர வேண்டுமே. ஆனால் கூட்டத்தான் வழி கிடையாது. காலியாக இருக்கும்போதே கிண்ணத்தின் சுருதி வேண்டியதற்குச் சற்று மேலே இருந்தாக வேண்டும். அதனால்தான் ஒரு கிண்ணம் உடைந்தால் வித்வான் கலங்கிப்போகிறார். அளவு சொல்லி வாங்க முடியாது, தட்டித் தட்டித் தேட வேண்டும்.

இதைவிடக் கஷ்டம் கமகம். தட்டிய கையோடு குச்சி நுனியால் தண்ணீரை லேசாக அலைக்க வேண்டும், சுரம் அசைகிறது. ஆறு மாசமாக முயல்கிறேன். மோகனம் ஆரோகணம் வரை வந்திருக்கிறது, மோகனத்துக்கு அஞ்சு சுரம் போதும் என்பதால்!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை: போனில் அதிர்வெண் பார்க்கும் ஆப் இருக்கிறதே, எத்தனை மில்லி தண்ணீருக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு கிராஃப் போடுங்கள். நேர்கோடு வராது, பாருங்கள். ரீயூனியனுக்குக் கிண்ணங்களைக் கொண்டு வருகிறேன். 'ப' உடைத்த ஆசாமி மட்டும் குச்சியைத் தொடக் கூடாது.