தரத்தை எழுதுவது யார்? ஆத்தூர் வெற்றிலையை முன்வைத்துச் சில கருத்துகள்

தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூரில் தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி எனக் கொடிகள் வேறானாலும், ஆற்றுத்தண்ணீரே இலையின் காரத்துக்குக் காரணம் என்பது ஊரார் துணிபு. இதற்கு இடம்தரும் சட்ட அடிப்படை உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு: ஒரு பொருளின் தரமோ புகழோ பிற தன்மையோ முதன்மையாக அது தோன்றிய இடத்தால் அமைந்ததென்றால் அப்பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. ஐஎஸ்ஓ 9000 தரநிலை தரத்தை வேறுவிதமாக வரையறுக்கிறது. பொருளில் உள்ளார்ந்த பண்புகள் தேவைகளை எவ்வளவுக்கு நிறைவு செய்கின்றன என்பதே அதற்குத் தரம். பிறந்த மண்ணைப் பற்றி அது பேசுவதில்லை. தேவை யாருடையது என்பதையும் அது முன்கூட்டி முடிவு செய்வதில்லை. ஆகவே பன்னாட்டுத் தரநிலையை, தேவையை எழுத முன்வருபவருக்குக் கிடைக்கும் கருவியாகப் பார்ப்பதே பொருந்தும்.

மென்பொருளில் இது துலக்கமாகத் தெரிகிறது. ஐஎஸ்ஓ/ஐஇசி 25010 தரநிலை 2011இல் எட்டுப் பண்புகளை வகுத்தது. 2023 திருத்தத்தில் பாதுகாப்புநிலை சேர்ந்து ஒன்பதாயின. செயல்திறனும் நம்பகமும் பட்டியலில் உண்டு; எத்தனை நொடியில் பதில் வந்தால் போதும் என்பது ஒப்பந்தக்காரர்கள் பாடு. வெற்றிலைக்கு அந்த எல்லையை வாங்குபவர்களே எழுதிவிட்டார்கள். சால்மோனெல்லா கிருமிக்காக 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேச வெற்றிலையின் இறக்குமதியை நிறுத்தியது. இந்திய இலையும் கூடுதல் சோதனைக்கு உள்ளானது. கிருமி உண்மையானது, சோதனை நியாயமானதே. ஆனால் அந்த வாசலில் காரத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

ஐஎஸ்ஓ 9001 செயல்முறையைத்தான் சான்றளிக்கிறது, மட்டமான பொருளையும் ஒரே சீராகச் செய்து சான்று வாங்கிவிடலாம் என்பார்கள். உண்மைதான், எனவேதான் பொருளின் தேவையைத் தனியே எழுதியாக வேண்டும். சுவையை எண்ணில் அடக்க முடியாது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஆயினும் மிளகாயின் காரத்தை அளக்க ஐஎஸ்ஓ 3513 இருக்கிறது. மன்னார் வளைகுடா முத்து வணிகத்திலும் 20 துளை முதல் 1000 துளை வரையிலான பித்தளைச் சல்லடைகளில் சலித்து, பிறகு உருவும் ஒளியும் பார்த்தே முத்துக்கு வகைப்பெயர் சொன்னார்கள். ஆணிமுத்து அப்படிப் பெற்ற பெயர். சலிக்கக்கூடியதைச் சல்லடைக்கு விட்டு, மிச்சத்தைக் கண்ணுக்கு வைத்துக்கொண்ட முறை அது. சான்றுச் செலவு சிறு கொடிக்கால்காரரை நசுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குச் சங்கத்தின் பெயரில் கூட்டுச் சான்று பெறுவதே வழி. எழுதாமல் விடுவது வழியாகாது.

பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் நறுமணப் பொருள் குழுவை 2013 முதல் இந்தியாவே நடத்தி வருகிறது. வெற்றிலை அதன் வரம்புக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கதவைத் தட்ட அந்தத் தடையும் இல்லை. இலைத்தைல அளவும் கிருமி வரம்பும் ஒரே ஏட்டில் இடம்பெறும் வரைவை ஆத்தூர் விவசாயிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து முதலில் அங்கே கொண்டுசெல்ல வேண்டும்.